சமோசிர் மாவட்டம்: தோபா ஏரிக்கரையின் நிலமும் மக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் இருக்கும் தோபா ஏரியைப் பற்றித் தமிழில் தேடினால் இரண்டு வகைச் செய்திகள்தான் கிடைக்கின்றன. ஒன்று, 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை. இன்னொன்று, மேடானிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் பயணத் திட்டம். ஏரியின் நடுவே ஒரு முழு மாவட்டம் இருக்கிறது, அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உழுது, மீன் பிடித்து, பிள்ளைகளைப் படிக்க வெளியூர் அனுப்பி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் பக்கம்.

சமோசிர் என்பது தீவா, மாவட்டமா?

இரண்டும்தான், ஆனால் இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. சமோசிர் தீவு ஏரிக்குள் இருக்கிறது, பரப்பு சுமார் 640 சதுர கிலோமீட்டர். சமோசிர் மாவட்டம் அந்தத் தீவு முழுவதையும், கூடவே மேற்குப் பக்கம் ஏரியை ஒட்டிய சுமத்ரா நிலப்பகுதியையும் சேர்த்தது. மாவட்டத்தின் நிலப்பரப்பு மட்டும் ஏறக்குறைய 1,444 சதுர கிலோமீட்டர். ஆக, மாவட்ட நிலத்தில் பாதிக்கு மேல் தீவுக்கு வெளியே இருக்கிறது. இது தெரியாமல் தீவின் பரப்பையும் மாவட்டத்தின் மக்கள் தொகையையும் வைத்து அடர்த்தி கணக்குப் போடுபவர்கள் நிறைய. விடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

தோபா சமோசிர் என்ற பெயரும் கண்ணில் படுகிறதே, அது வேறா?

வேறுதான், குழப்பத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுக்க வட தாபனூலி மாவட்டத்தில் இருந்தது. 1990களின் கடைசியில் அதிலிருந்து தோபா சமோசிர் என்ற மாவட்டம் பிரிந்தது. அப்புறம் 2003ஆம் ஆண்டின் சட்டப்படி அதிலிருந்தும் சமோசிர் பிரிந்து, 2004 ஜனவரியில் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. மிச்சமிருந்த கிழக்குக் கரை மாவட்டம் அதன்பிறகும் பல ஆண்டுகள் தோபா சமோசிர் என்ற பழைய பெயரையே வைத்திருந்தது. 2020இல்தான் அதை வெறும் தோபா என்று மாற்றினார்கள். பழைய புள்ளிவிவரம் எதையாவது எடுக்கும்போது ஆண்டைப் பாருங்கள், 2003க்கு முந்தையது என்றால் அது இன்றைய சமோசிரைக் குறிக்காது.

ஏரியைச் சுற்றி மொத்தம் ஏழு மாவட்டங்கள் இருக்கின்றன. சிமலுங்குன், தோபா, வட தாபனூலி, ஹும்பாங் ஹசுண்டுத்தான், டைரி, காரோ, அப்புறம் சமோசிர். மற்ற ஆறுக்கும் ஏரி ஒரு ஓரம், சமோசிருக்கு ஏரிதான் நடு.

ஏரிக்கு நடுவே இவ்வளவு பெரிய தீவு எப்படி வந்தது?

எனக்கு இந்த மாவட்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

74,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே நடந்த வெடிப்பு, கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் பூமி கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அடியிலிருந்த பாறைக் குழம்பு வெளியேறியதும் மேலே இருந்த நிலம் தாங்க ஆளில்லாமல் உள்ளே சரிந்து, 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பள்ளம் உண்டாயிற்று. மழைநீர் அதில் தேங்கித்தான் ஏரி. இன்று ஏரியின் பரப்பு சுமார் 1,130 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 500 மீட்டருக்கு மேல், நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 905 மீட்டர் உயரத்தில்.

வெடித்தபோது பறந்த சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியாவரை வந்து விழுந்தது. ஆந்திராவில் ஜுவாலாபுரம் என்ற ஊரில் அந்தச் சாம்பல் படிவை இன்றும் மண்ணுக்குள் பார்க்கலாம். அந்தப் படிவுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

வெடிப்போடு கதை முடியவில்லை. காலியான நிலத்தடி அறைக்குள் பாறைக் குழம்பு மறுபடி மெல்ல மெல்ல ஏறி, ஏரியின் தரையையே மேலே தள்ளியது. அப்படி எழுந்ததுதான் சமோசிர். அதாவது தீவின் மேட்டில் நீங்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஏரியின் அடி. இதை ஊகமாகச் சொல்லவில்லை, தீவின் மேல்பகுதியில் ஏரி வண்டல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது, நன்னீர் நுண்பாசிகளின் எச்சங்களோடு. குறைந்தது 450 மீட்டராவது அந்தத் தரை உயர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் புவியியலாளர்கள்.

எழும்போது நேராக எழவில்லை. ஒரு பக்கம் சரிந்த ஓட்டுக்கூரை மாதிரி, கிழக்கே செங்குத்தாக நிற்கிறது, மேற்கே மெதுவாக இறங்குகிறது. கிழக்கில் தோமோக், துக்துக் ஊர்களுக்குப் பின்னால் எழும் சுவர் போன்ற மலை இதனால்தான். அதில் ஏறிவிட்டால் 1,600 மீட்டர்வரை போகும் பீடபூமி, அங்கிருந்து மேற்கே மாவட்டத் தலைநகர் பாங்குருரான்வரை சரிவுதான்.

மேற்குக் கரையில் இருக்கும் புசுக் புகித் மலை தனிக்கதை. பெருவெடிப்புக்குப் பிறகு வளர்ந்த எரிமலை அது, கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில், பாங்குருரானுக்குப் பக்கத்திலேயே கந்தக வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அடியில் சூடு இன்னும் ஆறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இயற்கையிலேயே சமோசிர் தீவுதானா?

இல்லை. மேற்கே பாங்குருரான் அருகில் ஒரு குறுகிய நிலத்துண்டு தீவைச் சுமத்ராவோடு இணைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டச்சு ஆட்சியில், உள்ளூர் மக்களைக் கட்டாய வேலை வாங்கி அங்கே ஒரு கால்வாய் வெட்டினார்கள். தானோ போங்கோல் என்று பெயர். நீண்ட காலம் அது தூர்ந்துபோய், சின்னப் படகுகூடச் சிரமப்பட்டுப் போகும் நிலையில் கிடந்தது. சமீப ஆண்டுகளில் அகலப்படுத்தி, மேலே புதிய பாலமும் கட்டியிருக்கிறார்கள். ஆகவே சமோசிருக்குப் படகு இல்லாமலும் போகலாம். தேலே மலைப்பாதை வழியாக வண்டி நேராகத் தீவுக்குள் இறங்கிவிடும், அந்த இறக்கத்தில் ஏரி முழுவதும் விரிந்து தெரியும்.

மக்கள் தொகை எவ்வளவு?

2010 கணக்கெடுப்பில் 1,19,653. 2020 கணக்கெடுப்பில் 1,36,441. பத்து ஆண்டுகளில் 14 சதவீத உயர்வு. சதுர கிலோமீட்டருக்கு 94 பேர் என்று வருகிறது. ஜாவா தீவில் இதே கணக்கு ஆயிரத்தைத் தாண்டும், அதோடு வைத்துப் பார்த்தால் சமோசிர் எவ்வளவு ஆளற்ற இடம் என்பது புரியும்.

ஒன்பது வட்டாரங்கள். பாங்குருரான், சிமானிந்தோ, ரோங்குர் நிகுத்தா, பாலிப்பி, நைங்கோலான், ஓனான் ருங்கு ஆகிய ஆறும் தீவில் இருப்பவை (பாங்குருரானின் ஒரு பகுதி மட்டும் கால்வாயின் மறுபக்கம்). சியாஞ்சுர் முலா-முலா, ஹாரியான், சித்தியோத்தியோ மூன்றும் மேற்குக் கரையில். மக்களில் சுமார் கால்வாசிப் பேர் பாங்குருரானில், அடுத்தது சுற்றுலா ஊர்கள் இருக்கும் சிமானிந்தோ. பரப்பில் மிகப் பெரியது ஹாரியான், ஆனால் அதில் பெரும்பகுதி காடும் செங்குத்துச் சரிவும் என்பதால் ஆட்கள் குறைவு. நகரம் என்று சொல்லத்தக்க இடம் மாவட்டத்தில் எதுவும் இல்லை. பாங்குருரானே ஒரு பெரிய சந்தை ஊர் அளவுதான்.

சுற்றிலும் தண்ணீர் இருந்தும் வறட்சி என்கிறார்களே, எப்படி?

சமோசிரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

ஏரி 905 மீட்டரில் இருக்கிறது. வயல்களில் நிறையப் பங்கு அதைவிட உயரத்தில், பீடபூமியில் 1,200, 1,400 மீட்டரில் இருக்கின்றன. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கீழே கிடக்கிறது. அதை மேலே ஏற்ற பம்பும் மின்சாரமும் எரிபொருளும் வேண்டும், சிறு விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது. தீவில் பெரிய ஆறு கிடையாது. மண்ணும் பல இடங்களில் மெல்லியது, கல் நிறைந்தது, பெய்த மழை சரிவில் ஓடி ஏரிக்கே போய்விடும். சுற்றியுள்ள மலைகள் மழையை மறிப்பதால், நில நடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைகூடத் தள்ளியில்லாத இந்த இடம், நாம் நினைக்கும் சுமத்ராவைப் போல நாள்தோறும் கொட்டும் ஊராக இல்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் புல்வெளிகள் காய்ந்து மஞ்சளாகிவிடும். புசுக் புகித் சரிவிலும் ஹாரியான் பக்கமும் அப்போது தீப்பிடிப்பது அடிக்கடி நடக்கிறது.

அதனால் நெல்லில் பெரும்பகுதி வானம் பார்த்த சாகுபடி, பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு போகம். கரையோரத் தாழ்நிலங்களிலும், மலையோடைகள் இறங்கும் மேற்குப் பள்ளத்தாக்குகளிலும் மட்டும் நிலைமை பரவாயில்லை. மேட்டில் காப்பி, மக்காச்சோளம், கரையோரம் சின்ன வெங்காயம், மாம்பழம். வெங்காயம் ஒரு காலத்தில் இங்கே பேர் போனது.

வேடிக்கை இன்னொன்று: இதே ஏரியின் நீர் கிழக்குக் கரையில் போர்சேயா பக்கம் அசகான் ஆறாக வெளியேறி, சிகுரா-குரா, தங்கா என்ற இரண்டு நீர்மின் நிலையங்களை ஓட்டுகிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 600 மெகாவாட். அந்த மின்சாரம் முக்கியமாகப் போவது கடற்கரையில் இருக்கும் குவாலா தஞ்சுங் அலுமினிய ஆலைக்கு. ஏரியின் நீர்மட்டத்தையே சிருவார் தடுப்பணையில் கட்டுப்படுத்துகிறார்கள். ஏரி நடுவே வாழ்பவனின் வயலுக்கு ஏறாத தண்ணீர், தூரத்து உலைக்கு மின்சாரமாகப் போகிறது. இதை அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். மேட்டு நிலங்களுக்கு நீர் ஏற்றும் செலவை யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருக்கிறது.

அங்கே வாழ்பவர்கள் யார்?

ஏறக்குறைய எல்லாருமே தோபா பத்தாக் இனத்தவர். பேசுவது தோபா பத்தாக் மொழி, பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தோனேசிய மொழி. மதத்தில் பெரும்பான்மை கிறிஸ்தவம். லுட்விக் நொம்மென்சன் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1862இல் சுமத்ரா வந்தபிறகு பத்தாக் நாட்டில் புராட்டஸ்டன்ட் சபை வேரூன்றியது, பின்னால் கத்தோலிக்கரும் வந்தார்கள். சமோசிரில் கத்தோலிக்கர் பங்கு கணிசமானது, தோபா பத்தாக் பகுதியின் மற்ற இடங்களைவிட இங்கே அதிகம். பழைய பத்தாக் சமயத்திலிருந்து வந்த பர்மாலிம் வழிபாட்டைக் கடைப்பிடிக்கும் சிலரும் உண்டு. உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாட்டில் இப்படி ஒரு மாவட்டம் என்பது புதிதாகக் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பத்தாக் மக்களின் நம்பிக்கைப்படி, அவர்கள் எல்லாருக்கும் மூதாதை சி ராஜா பத்தாக் என்பவர் முதலில் குடியேறியது புசுக் புகித் அடிவாரத்தில், இன்றைய சியாஞ்சுர் முலா-முலாவில். எனவே சமோசிர் அவர்களுக்குப் பூர்வீகம். மேடானிலோ ஜகார்த்தாவிலோ மூன்று தலைமுறையாக இருப்பவர்கூட ஊர் எது என்றால் இந்தப் பக்கத்துக் கிராமத்தைச் சொல்வார்.

மார்கா என்றால் என்ன? ஏன் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்?

தந்தை வழிக் குலப்பெயர். சிடபுத்தார், சியாலாகான், நைபாஹோ, சிம்போலான், சித்தாங்காங், சினாகா, சிதுமோராங், லிம்போங், சகாலா, மாலாவ் என்று பட்டியல் நீளும். பெயருக்குப் பின்னால் கட்டாயம் வரும். புதிதாக இரண்டு பத்தாக் ஆட்கள் சந்தித்தால் முதலில் மார்கா, பிறகு குல மரத்தில் எத்தனையாவது தலைமுறை, அம்மா எந்த மார்கா என்று விசாரித்து, யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தீர்த்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார்கள். ஒரே மார்காவுக்குள் கல்யாணம் கிடையாது. சில மார்காக்கள் கூட்டாக ஒரே மூதாதையைச் சொல்வதால் அவற்றுக்கிடையிலும் கிடையாது. நைஅம்பாத்தோன் வழி வந்தவர்கள் என்ற கூட்டத்தில் மட்டும் பல பத்து மார்காக்கள் அடக்கம்.

பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு, பங்காளிகள் என்ற மூன்று தரப்பும் எல்லாச் சடங்கிலும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். பெண் கொடுத்தவர்களுக்குத்தான் முதல் மரியாதை. அவர்கள் உலோஸ் என்ற கைத்தறித் துணியைப் போர்த்தி ஆசி சொல்வார்கள்.

நிலத்தோடும் இதற்குச் சம்பந்தம் உண்டு. கிராமங்கள் குலவாரியாக எழுந்தவை. பழைய கிராமம் என்றால் சுற்றிலும் கல்லோ மண்ணோ வைத்துக் கட்டிய சுவர், அதன்மேல் மூங்கில் வேலி, உள்ளே இரு முனையும் உயர்ந்த கூரையோடு வரிசையாக வீடுகள். தோமோக்கில் சிடபுத்தார் குலத் தலைவர்களின் கல் சவப்பெட்டிகளையும், அம்பாரித்தாவில் சியாலாகான் குலத்தின் கல் இருக்கைகளையும் பார்க்கலாம்.

இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. படிப்பை பத்தாக் குடும்பங்கள் உயிராக மதிக்கின்றன. நிலத்தை விற்றாவது பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். படித்தவனுக்கு ஊரில் வேலை இல்லை. மேடான், ரியாவ், பாத்தாம், ஜகார்த்தா என்று போய்விடுகிறார்கள். வழக்கறிஞர், ராணுவ அதிகாரி, பேருந்து நடத்துநர், பாடகர் என்று இந்தோனேசியா முழுக்க எங்கே பார்த்தாலும் ஒரு பத்தாக் குலப்பெயர் தென்படும். ஊரில் வயலைப் பார்ப்பது வயதானவர்களும் பெண்களும். மாவட்டத்தின் வறுமை விகிதம் வட சுமத்ரா மாகாணச் சராசரியைவிட அதிகமாக இருப்பதற்கு வறண்ட நிலமும் இந்த வெளியேற்றமும் சேர்ந்தே காரணம்.

ஆனால் போனவர்கள் உறவை அறுத்துக்கொள்வதில்லை. வயல் நடுவே, ஏரிக்கரை மேட்டில், பல மாடிக் கோபுரம் போல சிமெண்ட் நினைவுச்சின்னங்களைப் பார்ப்பீர்கள். வெளியூரில் சம்பாதித்தவர்கள் குலமாகச் சேர்ந்து பணம் போட்டு மூதாதையருக்குக் கட்டியவை. பல ஆண்டுகள் கழித்து முன்னோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கழுவி, அந்தச் சின்னத்தில் மறுபடி அடக்கம் செய்யும் பெரிய சடங்கு உண்டு. நூற்றுக்கணக்கான பேர் கூடுவார்கள், எருமை வெட்டுவார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் மாவட்டம் நிரம்பி வழியும். கணக்கெடுப்பில் வரும் 1,36,441 என்பது அங்கே தூங்கி எழுபவர்களின் எண்ணிக்கை. சமோசிரைத் தன் ஊர் என்று சொல்பவர்கள் அதைப் போலப் பல மடங்கு, அவர்கள் எந்தக் கணக்கிலும் சமோசிர்க்காரர்களாக வரமாட்டார்கள். மாவட்டத் திட்டம் போடுபவர்கள் இதை மனதில் வைக்காவிட்டால் சாலையும் படகும் எப்போதும் பற்றாமல்தான் இருக்கும்.

படகுப் பயணம் பாதுகாப்பானதா?

2018 ஜூன் 18 அன்று, ரம்ஜான் விடுமுறைக் கூட்டத்தில், சிமானிந்தோவிலிருந்து திகாராஸ் போன சினார் பாங்குன் என்ற படகு மூழ்கியது. அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு ஆட்களும், கூடவே மோட்டார் சைக்கிள்களும் ஏற்றியிருந்தார்கள். பயணிகள் பட்டியலே இல்லை. 164 பேர் காணாமல் போனதாக அறிவிக்கப்பட்டது. படகு சுமார் 450 மீட்டர் ஆழத்தில் கிடந்ததால் மேலே எடுக்க முடியவில்லை, உடல்களும் அங்கேயே தங்கிவிட்டன. அதன்பிறகு அஜிபாத்தா–அம்பாரித்தா வழியில் இஹான் பாத்தாக் போன்ற பெரிய வாகனப் படகுகள் வந்தன. பிற்பகலில் காற்று பலமாக இருக்கும், காலையில் கடப்பது நல்லது. உயிர்காப்பு அங்கி கண்ணில் படவில்லை என்றால் ஏறாதீர்கள், அடுத்த படகு வரும்.

ஏரியில் மீன் வளம் எப்படி?

பழைய நாட்டு மீன் இஹான். சடங்குகளில் பெண் கொடுத்தவர்கள் ஆசியோடு ஊட்டும் மீன் அது. இப்போது அரிதாகிவிட்டதால் கெண்டை வகை மீனைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். சந்தையை நிரப்புவது மிதவைக் கூண்டுகளில் வளர்க்கும் திலாப்பியா. ஆழத்தில் ஆக்சிஜன் குறைந்த குளிர்ந்த நீர், காற்றும் வெப்பநிலையும் மாறும்போது மேலே புரண்டு வந்தால் கூண்டு மீன்கள் ஒரே இரவில் செத்து மிதக்கும். 2016இல் சிமலுங்குன் பக்கம் ஹராங்கவோலில் ஆயிரம் டன்னுக்கு மேல் போயிற்று, 2018இல் பாங்குருரான் பக்கமும் நடந்தது. தீனி எச்சம் சேரச் சேர இது அதிகரிக்கும். கூண்டுகளைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாற்று வழி காட்டாமல் குறைக்கக் கூடாது.

தமிழர்களுக்கும் இந்தப் பகுதிக்கும் தொடர்பு உண்டா?

சமோசிரோடு நேரடியாக இல்லை, அக்கம்பக்கத்தில் உண்டு. மேற்குக் கடற்கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினுடையது. கற்பூரமும் சாம்பிராணியும் இந்த மலைக்காடுகளிலிருந்துதான் அந்தத் துறைமுகத்துக்கு இறங்கின. ஏரிக்கு வடக்கே வாழும் காரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்ற உட்பிரிவுகள் இருக்கின்றன. இதைத் தென்னிந்தியத் தொடர்பின் தடம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பத்தாக் எழுத்தும் இந்திய எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்கு மேல் போய் பத்தாக் மக்களே தமிழர் என்று பரப்பும் பதிவுகளை நம்பாதீர்கள்.

ஒரு நாள் மட்டும் இருந்தால் எங்கே போகலாம்?

சுற்றுலாப் பயணிகள் தங்கும் துக்துக்கை விட்டு வெளியே வாருங்கள். ரோங்குர் நிகுத்தா மேட்டுக்கு ஏறி சிடிஹோனி ஏரியைப் பாருங்கள், சுமத்ரா தீவில் உள்ள ஏரிக்குள் இருக்கும் தீவில் உள்ள ஏரி அது. வெயில் இதமாகத்தான் இருக்கும், பகலில் 28, 29 பாகையைத் தாண்டுவது குறைவு, இரவில் 17, 18க்கு இறங்கும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். வழியில் வெங்காயப் பாத்திகளையும், காய வைத்திருக்கும் காப்பிக் கொட்டைகளையும், வயலுக்கு நடுவே நிற்கும் கல்லறைக் கோபுரங்களையும் பார்ப்பீர்கள். கடைக்காரரிடம் “ஹோராஸ்” என்று வணக்கம் சொல்லி, அவருடைய மார்கா எது என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்.